நெல்லியா, நாவலா, பாகலா? பெரியம்மாவின் சர்க்கரைக்கும் கால் புண்ணுக்கும் எது?

2023-இல் சித்திரைப் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தது. வடசென்னைக்காரர்களுக்கு அதன் விசேஷம் தெரியும். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் பெரியம்மாவும் கிளம்பிவிட்டார். கத்திரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. உச்சி வெயிலில் கருங்கல் தரையில் எல்லோரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓட, இவர் மட்டும் அசையாமல் வரிசையில் நின்றாராம். "அம்மன் புண்ணியம், எனக்குச் சூடே தெரியலப்பா" என்று வீட்டுக்கு வந்து பெருமை வேறு.

மூன்றாம் நாள் காலையில் தரை துடைக்கும்போது அண்ணிதான் கவனித்தார். ஹாலில் இருந்து சமையலறை வரைக்கும் மொசைக் தரையில் ஓர் அடிக்கு ஒன்றாக, எட்டணா அளவில் ஈர வட்டங்கள். வலது காலின் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து, உடைந்து, தோல் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்கு அப்போதும் வலி இல்லை. பதினாறு வருஷச் சர்க்கரை காலின் நரம்புகளை மரக்கவைத்துவிட்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. சித்தப்பா நாவல் கொட்டைப் பொடி. எதிர்வீட்டு அக்கா பன்னீர் பூ. தண்டையார்பேட்டை அத்தை ஒரு பை நிறைய நெல்லிக்காய், கூடவே பாகற்காய். பூ கட்டும் ஆயா கடுக்காய்த் தூள், அதைப் புண்ணிலேயே தூவச் சொல்லி. அண்ணனின் நண்பர் ஒருவர் நோனி ஜூஸ் பாட்டில், ஏஜென்ட் விலைக்கு. கீழ்வீட்டில் இருந்து ஒரு பப்பாளிக்காய், அரைத்துப் பற்றுப் போட. அலமாரியில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு அண்ணி என்னைக் கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை. மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் பதினோரு வருஷம் நின்றவன், அவ்வளவுதான். "நீயே பார்த்துச் சொல்லு தம்பி, எதை வெச்சுக்கிறது, எதைத் திருப்பிக் கொடுக்கிறது?" என்றார்.

அன்று அவரிடம் சொன்னதையும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதலில் பொருட்களை இரண்டு கூறாகப் பிரித்தேன். வாய்க்குள் போகிறவை ஒரு பக்கம், புண்மேல் போகிறவை இன்னொரு பக்கம். வாய்க்குள் போகிறது வேலை செய்கிறதா என்று குளுக்கோமீட்டரில் பார்த்துவிடலாம். தப்பாகப் போனாலும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம். புண்ணில் போடுவதற்கு அப்படி ஒரு மீட்டர் கிடையாது. மற்றவர்களுக்கு வலி சொல்லும், எரிச்சல் சொல்லும். பெரியம்மாவின் கால் எதையும் சொல்லாது. அதனால் வாய்ப் பக்கத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்தேன், புண் பக்கத்தில் சுத்தமாகக் கெடுபிடி.

நெல்லிக்காயில் இருந்து தொடங்குகிறேன், என் ஓட்டு அதற்குத்தான். பெரிய நெல்லியைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூட வாசலில் உப்பு, மிளகாய்த்தூள் போட்டுத் தரும் அரை நெல்லி வேறு மரம், வேறு சங்கதி. பெரிய நெல்லியில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்குவதாகச் சில ஆய்வுகள் உண்டு, ஆனால் எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். அதை நம்பி ஒரு மாத்திரையைக்கூட குறைக்க முடியாது. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் புண். தோல் கூட வேண்டுமானால் உடம்பு கொலாஜன் என்ற நாரை நெய்ய வேண்டும், அந்த நெசவுக்கு வைட்டமின் சி இல்லாமல் முடியாது. அது அடியோடு இல்லாமல் போகும் ஸ்கர்வி நோயில் பழைய தழும்புகள்கூட மறுபடி பிளந்துகொள்ளும். பெரியம்மா பழம் என்றாலே சர்க்கரை என்று பயந்து வருஷக்கணக்காக எதையும் தொடாதவர். அப்படிப்பட்டவருக்குத் தினம் ஒன்றோ இரண்டோ நெல்லி நியாயமான யோசனை. ஏற்கெனவே காயும் பழமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு நெல்லியைக் கூட்டினால் புண் இரட்டை வேகத்தில் ஆறும் என்று நினைக்க வேண்டாம்.

நெல்லியை எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் காரியமே கெடுகிறது. கடைக்காரர் "சுகருக்கு நல்லது சார்" என்று எடுத்துக் கொடுக்கும் தேன் நெல்லி வெல்லப் பாகிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தேனிலேயே ஊறியிருந்தாலும் தேனும் சர்க்கரைதான். ஊறுகாய் என்றால் உப்பு. பெரியம்மாவுக்கு பிரஷரும் உண்டு. பாட்டில் ஜூஸில் நார் போய்விடுகிறது, பதப்படுத்தும் சாமான் சேர்ந்துவிடுகிறது. பச்சையாகக் கடிக்க அவருக்குப் பல் இல்லை. கடைசியில் அண்ணி இட்லித் தட்டில் வைத்து ஆவி காட்டி, கொட்டையை எடுத்து, தயிர்ப் பச்சடி செய்தார். வேகவைத்தால் வைட்டமின் கொஞ்சம் குறையும், போகட்டும். சாப்பிட முடிகிற மருந்துதானே மருந்து.

அடுத்தது நாவல். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் உப்புத் தூவித் தருவார்கள், விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் விலை ஏறிவிடும். பழம் வேறு, கொட்டை வேறு என்று இரண்டாகப் பார்க்க வேண்டும். பழத்தில் மாவுச்சத்து நூறு கிராமுக்குப் பதினைந்து கிராம் பக்கம் இருக்கும். ஒரு கைப்பிடி சாப்பிடலாம், மாம்பழத்துக்குப் பதில் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரைக்கு மருந்து என்ற பெயரெல்லாம் கொட்டைக்குத்தான். நிழலில் உலர்த்தி, மேல்தோலை உடைத்து, இடித்துச் சலித்தால் மண் நிறத்தில் துவர்ப்பான பொடி. ஆயுர்வேத முறையில் நாளைக்கு 3 முதல் 6 கிராம் என்று அளவு சொல்வார்கள்.

எலிகளிடம் நாவல் கொட்டைக்கு நல்ல பெயர். மனிதர்களிடம் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தது குறைவு. பிரேசிலில் ஒரு பரிசோதனை நடந்து 2004-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு நாவல் இலைக் கஷாயம், இன்னொரு குழுவுக்கு கிளிபென்கிளமைடு மாத்திரை, யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல். மாத்திரை சர்க்கரையை இறக்கியது, கஷாயம் இறக்கவில்லை. அது இலை, நம்முடையது கொட்டை, அதனால் அதை வைத்துக் கொட்டைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பிரேசில்காரனுக்கு நம்ம நாவல பத்தி இன்னா தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தபோது மழைக்காலத்துச் சாக்குப்பை வாடை குப்பென்று வந்தது. ஸ்பூனை விட்டால் பொடி கட்டி கட்டியாக எழும்பியது, ஓரத்தில் சாம்பல் பூத்திருந்தது. எப்போது இடித்தது, எங்கே உலர்ந்தது என்று பொட்டலத்தில் ஒரு எழுத்து இல்லை. பூஞ்சை பிடித்த பொடியைப் புண்ணோடு இருக்கிறவருக்குக் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

பொடி வாங்கியே தீருவேன் என்பவர்கள் பார்க் டவுன் ராசப்பா செட்டித் தெரு மாதிரி இடத்தில் நாட்டு மருந்துக் கடையில் முழுக் கொட்டையாக வாங்கி, வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். பொடியைவிடக் கொட்டையில் கலப்படம் செய்வது கஷ்டம். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'மூன்றே நாளில் சுகர் இறங்கும்' என்று வரும் பொடிகள் சிலவற்றைச் சோதித்தபோது உள்ளே அலோபதி சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்த கதை பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஒரு மூலிகைப் பொடி மாத்திரை வேகத்தில் வேலை செய்தால், எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

பாகற்காய்க்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆராய்ச்சி அதிகம். தாய்லாந்தில் புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவர்களிடம் நாலு வாரம் நடந்த சோதனையில், நாளைக்கு 2000 மில்லிகிராம் பாகல் பொடி சர்க்கரையை ஓரளவு இறக்கியது. வழக்கமான சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் அதைவிட நன்றாக இறக்கியது. 2011-இல் வெளியான ஆய்வு இது. அடுத்த வருஷமே, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கொக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த நல்ல சோதனைகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, பாகல்தான் மருந்து என்று சொல்லுமளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றது. ஆக, பாகலுக்குக் கொஞ்சம் சக்தி இருக்கலாம், மாத்திரை அளவுக்கு இல்லை.

அந்தக் கொஞ்சம் சக்தியே சிலருக்கு ஆபத்து. பெரியம்மா மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் போடுகிறவர். கிளிமிபிரைடு, இன்சுலின் இரண்டும் சாப்பாடு தாமதமானால் சர்க்கரையைத் தடாலென்று கீழே தள்ளக்கூடியவை. அதோடு காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகல் ஜூஸ் என்றால், பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். 70-க்குக் கீழே போனாலே உடனே ஏதாவது இனிப்பாகக் கொடுக்க வேண்டும். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. அதனால் பாகல் ஜூஸ் வேண்டாம், பாகல் பொரியல் இருக்கட்டும் என்றேன். அண்ணி வைக்கும் பாகற்காய்ப் புளிக்குழம்பில் கசப்பு தெரியாமல் இருக்க எலுமிச்சை அளவு வெல்லம் போடுவார். சர்க்கரைக்காகச் செய்யும் குழம்பில் வெல்லம்! அதை நெல்லிக்காய் அளவாகக் குறைப்பது என்று உடன்படிக்கை ஆனது.

பன்னீர் பூவைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. பெயர்தான் பூ. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். காகிதம் போன்ற சாம்பல் நிற உறைக்குள் உருண்டையாக ஒரு காய்ந்த காய், அதற்குள் பிசுபிசுப்பாகப் பழுப்பு விதைகள். நம் அமுக்கராவுக்கு அண்ணன் தம்பி முறையான செடியின் காய் இது. பாலைத் திரிய வைக்கும் தன்மை இதற்கு உண்டு, வடமேற்கே பால்கட்டி செய்யவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் வடிகட்டிக் குடிக்கச் சொல்கிறார்கள். கசப்பு பாகலைத் தோற்கடிக்கும். ஆதாரம் நாவலைவிடவும் மெலிவு. எதிர்வீட்டு அக்கா வருத்தப்படுவார் என்பதால் திருப்பிக் கொடுக்கவில்லை, டப்பாவில் மூடி வைத்தோம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடுக்காயும் திரிபலாவும் சர்க்கரைக்கு என்று தனியாக வேண்டாம். "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்பது மலச்சிக்கலுக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் மெட்ஃபார்மினே சிலருக்கு வயிற்றை இளக்கும், அதன்மேல் திரிபலாவும் என்றால் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்தே புண் பெரிதாகும். சௌகார்பேட்டையில் மாலையாகக் கோத்துத் தொங்கும் உலர்ந்த அத்தி நம் நாட்டு அத்தி இல்லை, சீமை அத்தி. எடையில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை, நூறு கிராமில் 48 கிராம் அளவுக்கு. நாட்டு அத்திப்பிஞ்சுப் பொரியல் என்றால் அது வேறு, சாப்பிடலாம்.

நோனியைத் திருப்பிக் கொடுத்தோம். காசு ஒரு பக்கம். முக்கியமான காரணம் பொட்டாசியம். நாள்பட்ட சர்க்கரையில் சிறுநீரகம் மெல்லத் தளர்ந்திருக்கும், அப்படிப்பட்ட ஒருவருக்கு நோனி ஜூஸால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியதாக மருத்துவப் பதிவே உண்டு. நட்சத்திரப் பழமும் அப்படித்தான், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது விஷம். கொழுப்பைக் கரைக்கும் என்று பிலிம்பிக்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். எந்தப் பழச்சாறு வைத்தியம் என்றாலும், முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

என்னை மூலிகைக்கு எதிரி என்று அத்தை நினைத்துவிட்டார். அப்படி இல்லை. மெட்ஃபார்மினுக்கே மூலம் ஐரோப்பாவில் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாக இருந்த ஒரு செடிதான். அதில் இருந்த பொருளின் வழி வந்த மருந்தை 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் பயன்படுத்தி எழுதினார். இப்போது எல்லோரும் போடும் 'கிளிஃப்ளோசின்' மாத்திரைகளின் முன்னோடி, 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் இருந்து பிரித்த ஒரு கசப்புப் பொருள். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும், யாருக்கு ஆகாது என்று எண்ணிப் பார்த்த பிறகு அது மாத்திரையாகிறது. அத்தையின் பையில் இருந்ததை அப்படி எண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மெட்ஃபார்மின் அரசு மருத்துவமனையில் இலவசம். 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

வீட்டில் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று அண்ணிக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் சேர்ப்பது. இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும், மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து காலண்டரில் எழுதுவது. ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய் பக்கம், கணக்குப் பார்த்தால் செலவுதான். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி டெஸ்டை இரண்டு வாரத்தில் எடுத்துப் பயனில்லை.

இதில் ஒரு கூத்து நடந்தது. நாலாம் நாள் மத்தியானம் அண்ணி பதறிப்போய் போன் செய்தார். "தம்பி, 318 காட்டுது, நெல்லிக்காயால ஏறிடுச்சா?" ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியம்மா பேரனுக்கு மாம்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே விரலை நீட்டியிருக்கிறார். குழாயில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, துடைத்து, மறுபடி குத்தினேன். 171. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாறுதான் முதல் ரீடிங். பழம் உரித்த கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால்கூடப் போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும். பழ வைத்தியம் செய்து பார்க்கிற வீட்டில் இது தெரியாவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பு.

சரி, புண்ணுக்கு வருவோம்.

பப்பாளியை நான் லேசாகத் தள்ளவில்லை. பப்பாளிக்காயின் பாலில் இருக்கும் பப்பேன் இறந்த சதையைக் கரைக்கும், அது உண்மை. கறி சீக்கிரம் வேக பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலைதான். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டு மருத்துவமனையில் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்குப் பப்பாளிக் கூழ் வைத்துக் கட்டியதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பக்கத்தில் நர்ஸ் இருந்தார், தினமும் கட்டு மாற்றினார்கள். பப்பேன் கலந்த களிம்புகள் அமெரிக்காவில் ரொம்ப காலம் விற்றன, கடுமையான ஒவ்வாமை வந்த புகார்களுக்குப் பிறகு 2008-இல் அனுமதி இல்லாத அந்தக் களிம்புகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நம் கதையில் கூழை அரைப்பது காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்த மிக்சியில். வைப்பது உணர்ச்சியில்லாத காலில். நல்ல தோலையும் சேர்த்து அரித்தால் பெரியம்மாவுக்குத் தெரியப் போவதில்லை. எவ்வளவு ஆழம் என்றே தெரியாத புண்ணை ஒரு கூழால் மூடிவிட்டால், அடியில் என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியாது.

கடுக்காய்த் தூள் கதையும் இதுதான். கடுக்காயில் துவர்ப்பு அதிகம், அதன் டானின் ஈரத்தை இழுத்துப் புண்ணை வறட்டும். திரிபலாவைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரில் புண் கழுவுவது நம் வைத்தியத்தில் பழைய முறை. சித்த மருத்துவர் ஒருவர் காலைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தூளாகத் தூவுவதுதான் தப்பு. தூள் ஈரத்தோடு சேர்ந்து அடை தட்டிவிடும், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் சீழ் கோத்துக்கொண்டிருக்கும். காபித்தூள், மஞ்சள் சுண்ணாம்பு எல்லாமே இந்த ஜாதிதான். மாசிக்காயையும் ஒருவர் சிபாரிசு செய்தார். அது காயே இல்லை, ஒருவகைக் குளவி முட்டையிட்டதால் கருவாலி மரத்தில் வரும் கட்டி. துவர்ப்பில் கடுக்காய்க்குச் சளைத்ததில்லை, தூவுவதில் அதே ஆபத்து.

இந்த வரிசையில் ஓரளவு மரியாதையான இடம் தேனுக்குத்தான், அது பழம் இல்லை என்றாலும். மேலோட்டமான தீக்காயம் தேன் கட்டில் சீக்கிரம் ஆறுவதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அது கதிர்வீச்சில் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். அடுப்பங்கரைத் தேன் பாட்டிலில் நேற்று தோசைக் கை பட்டிருக்கும். சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணில் தேன் எவ்வளவு உதவும் என்பது மருத்துவத் தேனுக்கே இன்னும் முடிவாகவில்லை.

மத்தன் தைலத்தையும் கேட்டார்கள். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு சேர்ந்த சித்த மருந்து, ஆறாத புண்ணுக்குப் பெயர் போனது. துருசு என்பது செம்பு உப்பு, ஊமத்தை என்ன செடி என்று எல்லோருக்கும் தெரியும். அது சித்த மருத்துவர் கையில் இருக்க வேண்டிய பொருள், நம் கையில் இல்லை.

இவை எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டிய இன்னொரு சாய்ஸை யாரும் பையில் கொண்டுவரவில்லை. காலை ஊன்றாமல் இருப்பதுதான் அது. பாதத்தின் அடிப்புண் ஆறாததற்குப் பாதிக் காரணம், ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழுக்க அந்த எட்டணா அளவு இடத்தில் இறங்குவது. நீங்கள் நெல்லி தின்றாலும் பப்பாளி வைத்தாலும், தினம் ஆயிரம் முறை மிதிக்கும் புண் எப்படி ஆறும்? மற்ற பாதி ரத்த ஓட்டமும் கிருமியும். அதோடு, கிருமி பிடித்த புண் சர்க்கரையையே ஏற்றிவிடும். அந்த வாரம் பெரியம்மாவின் ரீடிங் எகிறியதைப் பார்த்து "மாத்திரை வேலை செய்யல, பொடிக்கு மாறு" என்று சொன்னவர்கள் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டினார்கள்.

அதனால் புண் விஷயத்தில் என் முடிவு ஒரே வரி: எதுவும் போடாமல், சுத்தமான துணியால் மூடி, அன்றே டாக்டர். இதில் வடசென்னைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1954-இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் பொது மருத்துவமனையாகத் தொடங்கி, பின்னால் சர்க்கரைக்கென்றே தனி மருத்துவமனையாக மாறியதும் நம் ராயபுரத்தில்தான்.

நாங்கள் போன இடத்தில் டாக்டர் முதலில் புண்ணைத் தொடவே இல்லை. நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, பெரியம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடத்தில் அழுத்தி "தெரியுதா?" என்று கேட்டார். மூன்று இடத்தில்தான் தெரிந்தது. அப்புறம் கணுக்காலில் நாடி பிடித்துப் பார்த்தார், எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார். அதன் பிறகுதான் செத்த தோலை வெட்டி, உப்பு நீரில் கழுவி, கட்டுப் போட்டார். பெருவிரல் பக்கம் எடை இறங்காதபடி ஒரு செருப்பு எழுதிக் கொடுத்தார். "கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் என்று தள்ளாதீங்க, அன்னிக்கே வாங்க" என்றார். நெல்லிக்காய் பற்றி அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "தாராளமா கொடுங்க, கூடவே முட்டையும் மீனும் கொடுங்க, புண் ஆறப் புரதம் வேணும்" என்றார். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு சர்க்கரைக்குப் பயந்து மீனை விட்டிருந்தவர் பெரியம்மா. சர்க்கரைக்கும் மீனுக்கும் என்ன சண்டை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஏழு வாரத்தில் புண் மூடியது. எதனால் என்று பங்கு போட்டால் கட்டுக்கும் செருப்புக்கும் முக்கால் பங்கு கொடுப்பேன், மீதியில் மாத்திரை, முட்டை, மீன். நெல்லிக்கு ஓரமாக ஒரு துண்டு. அத்தை இதை ஒப்புக்கொள்ளவில்லை, முழுவதும் நெல்லிக்காய் என்கிறார். நெல்லி தொடங்கிய பிறகு எங்கள் காலண்டர் கணக்கில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பத்துப் பதினைந்து இறங்கியிருந்தது உண்மை. அதே வாரங்களில்தான் புண்ணின் கிருமியும் அடங்கியது என்பதால் எனக்கு அதில் எதையும் நிரூபிக்க முடியாது.

டாக்டர் கடைசியாக எம்.சி.ஆர் செருப்பு எழுதிக் கொடுத்தார். பஞ்சு மாதிரி மிருதுவான ரப்பர் வைத்தது, ஒரு காலத்தில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களைக் காக்கப் பயன்படுத்தியது, இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும். வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை. "பூஜை ரூம் வாசல் வரைக்கும் செருப்பா?" என்று அண்ணியிடம் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போக வேண்டும் என்று இப்போதே பேச்சு. காலையில் ஏழு மணிக்குள், தரை குளிர்ந்திருக்கும்போது, தடித்த காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு போவதாக ஒப்பந்தம். உச்சி வேளைக் கணக்கை அம்மன் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்துக்கொள்வாள் என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார்.